கடன் வாங்கிக் கழித்தல்

மூன்றாம் வகுப்பில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. 52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். இரண்டில் ஏழு போகாது. பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு. இரண்டு, பன்னிரண்டு ஆகிவிடும். பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. பக்கத்து வீட்டு ஐந்து நாலாகிவிட்டது. நாலில் இரண்டு போனால் இரண்டு. விடை 25. சார் கரும்பலகையில் போட்டு முடித்து, சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டே திரும்பி, "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சார்" என்று முப்பது பேரும் ஒரே ராகத்தில் இழுத்தோம்.

இழுத்து முடித்த பிறகுதான் நான் எழுந்தேன். "வாங்குன கடனை எப்ப சார் திருப்பிக் குடுப்போம்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் கிண்டல் செய்கிறேன் என்று சார் நினைத்தார். உள்ளங்கையில் இரண்டு விழுந்தது. நான் கிண்டல் செய்யவில்லை. எங்கள் வீட்டில் ஓர் ஆழாக்கு அரிசி கடன் வாங்கினால் மறுநாளே அம்மா அதே ஆழாக்கைத் தலைதட்டி அளந்து திருப்பிக் கொடுத்துவிடுவார். கணக்கில் மட்டும் ஏன் கடன் திரும்புவதே இல்லை? ஒன்று கடன் வாங்கினால் அது எப்படிப் பத்தாக வந்து சேருகிறது? இந்த இரண்டாவது சந்தேகத்தைக் கேட்கும் தைரியம் அதன் பிறகு வரவில்லை. கழித்தல் கணக்குகளைச் சரியாகவே போட்டுக்கொண்டு ஐம்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டேன்.

அது 1974. போன ஆண்டு அதே பள்ளிக்கூடத்தில், அதே மூன்றாம் வகுப்பில், ஒரு முழுக் காலைப்பொழுது உட்கார்ந்திருக்க வாய்த்தது. சுவர் அதே சுவர்தான். அதற்குள் நடக்கும் வேலை வேறு.

அந்தக் கூடம்

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒரு நீளமான ஓட்டுக்கூடம். ஒரு முனையில் ஒன்றும் இரண்டும், மறுமுனையில் மூன்று, நான்கு, ஐந்து. ஒரு வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது இன்னொரு வகுப்பு பார்த்தெழுதும். கரும்பலகைக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை, கரித்தூளும் கோவை இலைச் சாறும் அரைத்து நாங்களே பூசுவோம். சிலேட்டை அழிக்கவும் கோவை இலைதான். அது கிடைக்காத நாளில் எச்சில்.

எங்கள் சார் கெட்டவர் இல்லை. காய்ச்சல் என்றால் வீட்டுக்கே வந்து பார்ப்பார். ஆனால் அவர் கையில் இருந்தது ஒரே ஒரு பாடம். அது நடுவில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பொருந்தியது. முன்னே இருந்தவர்களுக்குச் சலிப்பு. பின்னே இருந்தவர்களுக்கு அது மேலே பறந்துபோகும் கொக்கு. பின்னே இருந்தவர்களுக்கு மக்கு, மண்டு, மரமண்டை என்று பெயர்கள் தயாராக இருந்தன. ஆண்டுக் கடைசியில் பெயில் போடுவார்கள். ஒரே வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்தவன் நாலாவது வருஷம் மாடு மேய்க்கப் போய்விடுவான். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஊர் சொல்லும். வீட்டாரும் அதையே சொல்வார்கள். கொஞ்ச நாளில் அவனும் சொல்வான்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என் சிலேட்டைப் பார்த்து எழுதுவான். காப்பி அடிக்கிறான் என்று தினமும் அடி வாங்குவான். வாய்க்கணக்கில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஏழாம் வகுப்பில், பக்கத்து ஊர்ப் பள்ளியில்தான், அவனுக்குத் தூரப்பார்வை மங்கல் என்று ஒருவர் கண்டுபிடித்தார். கரும்பலகை அவனுக்கு அதுவரை ஒரு கறுப்புச் சதுரம். அவனை ஒரு வரிசை முன்னால் உட்காரவைத்திருந்தால் போதும். அந்த ஒரு வரிசையை நகர்த்துவது கற்பித்தலின் ஒரு பகுதி என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

பீச்சாங்கையால் எழுதியவளின் கையைக் கட்டி வலக்கைக்குப் பழக்கினார்கள். திக்கிப் பேசுபவனைப் படிக்கச் சொல்லி வகுப்பே சிரித்தது. போலியோவில் கால் சூம்பிய பிள்ளை படியேற முடியாததால் பள்ளிக்கே வரவில்லை. காது கேளாத பிள்ளைகளுக்கும் கண் தெரியாத பிள்ளைகளுக்கும் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டன. ஆனால் பாளையங்கோட்டை எங்கே, எங்கள் ஊர் எங்கே?

திண்ணையில் இருந்த ஒன்று

"அன்று" என்றால் எந்த அன்று என்று கேட்க வேண்டும். எங்கள் ஓட்டுக்கூடத்துக்கு முன்னாலும் ஓர் அன்று இருந்தது: திண்ணைப் பள்ளிக்கூடம்.

திண்ணையில் வகுப்பு என்று எதுவும் கிடையாது. ஒருவன் மணலில் அ எழுதிக்கொண்டிருப்பான்; அவனுக்கு அடுத்தவன் ஆத்திசூடி ஒப்பிப்பான்; மூலையில் ஒருவன் எண்சுவடியில் கீழ்வாய் இலக்கத்தோடு மல்லுக்கட்டுவான். ஒன்றை முடித்தவன் அடுத்ததற்குப் போவான். முடிக்காதவன் அங்கேயே இருப்பான். அவனைப் பெயிலானவன் என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் பெயில் என்ற சொல்லே அங்கே இல்லை. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லுவான். உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் அந்தப் பள்ளிகளின் அன்றாடத்தை எழுதிவைத்திருக்கிறார்.

1789இல் சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பாளராக வந்தார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் அதில் அக்கறை காட்டவில்லை. பெல், எட்டு வயதான ஜான் ஃப்ரிஸ்கன் என்ற மாணவனை அழைத்து, எழுத்துத் தெரியாத சின்னவர்களை அவன் பொறுப்பில் விட்டார். பையன் கற்பித்துக் காட்டிவிட்டான். 1797இல் லண்டனில் பெல் இதை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. 1832இல் இறந்த பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். மணலில் எழுதிய பிள்ளைகளின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

திண்ணையைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826இல் அவர் தொகுத்த கணக்கில் பள்ளிகள் 12,498, மாணவர்கள் 1,88,650. இதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் அந்தத் திண்ணைகளில் ஏறுவதை ஊர் விடவில்லை. ஏறிய பிள்ளைக்கும் கோதண்டம் இருந்தது: கயிற்றில் தொங்கவிட்டு அடிப்பது.

ஆக, அவனவன் வேகத்தில் படிக்கலாம் என்ற வசதி அன்று இருந்தது. ஆனால் அது சிலருக்குத்தான் இருந்தது. கதவைத் திறந்தவர்களின் கதை வேறு. 1894இல் அடையாற்றில் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். மிஷன்கள் தொடங்கின. 1956இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பசிக்கு அஞ்சி வராமலிருந்த பிள்ளைகள் வந்தார்கள்.

பிள்ளைகள் வந்தபோது திண்ணை போயிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், தேர்வு முடிவைப் பார்த்துப் பள்ளிக்கு மானியம் கொடுக்கும் வழக்கம் மாகாணத்தில் வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து, இந்த வகுப்புக்கு இன்னது தெரியுமா என்று கேட்பார். எனவே வகுப்பு வேண்டும், வகுப்புக்கொரு புத்தகம் வேண்டும், புத்தகத்துக்கொரு தேதி வேண்டும். ஊரில் இருந்த அத்தனை வகைப் பிள்ளைகளும் ஒரே கூரைக்குள் முதன்முதலாக வந்து சேர்ந்த காலத்தில், பாடம் ஒரே வகையாகிவிட்டிருந்தது. என் பக்கத்துப் பையன் அந்தக் கூட்டத்தில்தான் தொலைந்தான்.

ஏணியும் அட்டையும்

மாற்றம் 2003இல் சென்னையில் தொடங்கியது. மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைச் சோதனையாகக் கொண்டுவந்தார். இதன் வேர் ஆந்திரத்தில், மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியில் இருந்தது. சுற்றுவட்டார ஓராசிரியர்ப் பள்ளிகளுக்காக அங்கே உருவாக்கிய அட்டைகளைச் சென்னை ஆசிரியர்கள் போய்ப் பார்த்துவந்து, தமிழுக்கும் நம் பாடத்திட்டத்துக்கும் ஏற்பத் தயாரித்தார்கள். பிறகு விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானபோது, 2007-08இல் அது மாநிலம் முழுதும் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது.

அந்த நாள்களில் வகுப்புக்குள் போனவர்களுக்குத் திகைப்பாக இருந்திருக்கும். பெஞ்சு இல்லை, பாய். ஆசிரியர் நாற்காலியில் இல்லை, பாயில். சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளை உட்கார்ந்தபடியே எழுதும் உயரத்தில், ஆளுக்கொரு கட்டம் போட்ட கரும்பலகை. தலைக்குமேல் கம்பிப் பந்தல். அதில் பிள்ளைகள் வரைந்த படங்கள் துணி காய்வதுபோலத் தொங்கும். வந்தவுடன் தன் வருகையைத் தானே பதிவுசெய்து, இன்று வெயிலா மழையா என்று காலநிலை அட்டவணையில் குறித்துவிட்டு, சுவரில் இருக்கும் ஏணிப்படத்தில் நேற்று எந்தப் படியில் விட்டோம் என்று பார்த்து, அதற்குரிய அட்டையை அலமாரியிலிருந்து பிள்ளையே எடுத்துக்கொள்ளும். சில அட்டைகளுக்கு ஆசிரியர் துணை வேண்டும். சிலவற்றுக்குச் சக மாணவர் துணை போதும். சிலவற்றைத் தனியே செய்யலாம். எந்த அட்டைக்கு எந்தக் குழு என்பது அட்டையிலேயே குறித்திருக்கும். ஒன்று முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் கலந்தே உட்கார்ந்தார்கள். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தவள், திரும்பி வந்து விட்ட படியிலிருந்து ஏறினாள். பாடம் அவளுக்காகக் காத்திருந்தது.

எழுத்தைச் சொல்லித்தரும் வரிசைகூட மாறியது. அ, ஆ என்று தொடங்குவது நமக்கு மரபு. ஆனால் ஆறு வயதுக் கைக்கு ‘அ’ சுழித்துச் சுழித்து எழுத வேண்டிய கடினமான எழுத்து. ட, ப, ம என்று எளிதில் கைக்கு வருபவற்றை முதலில் கொடுத்தால், இரண்டு மூன்று நாளிலேயே படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களைப் பிள்ளை தானே வாசித்துவிடும். 247 எழுத்தையும் முடித்த பிறகுதான் வாசிப்பு என்று அன்று காத்திருந்தோம். மூன்று எழுத்திலேயே வாசிக்கலாம் என்பது யாருக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று, அந்த 247இல் மூழ்கியவர்களுக்குத்தான் தெரியும்.

குறைகளும் வந்தன. "புஸ்தகத்தையே தொறக்கல, நாளெல்லாம் வெளையாட்டு" என்று பெற்றோர் பக்கத்து நர்சரிப் பள்ளிக்குப் போனார்கள். அட்டைகள் கிழிந்தன, சில காணாமல் போயின, ஏணியில் ஒரு படி இல்லையென்றால் பிள்ளை அங்கேயே நின்றது. நாற்பது பேர் நாற்பது படியில் நிற்கும்போது ஓர் ஆசிரியர் எத்தனை பேரிடம் போவார்? விளக்கவுரையோடு பாடம் நடத்தியே பழகிய ஆசிரியர்கள் சிலர், அதிகாரி வரும்போது அட்டையும் போனபின் கரும்பலகையுமாகக் காலம் தள்ளினார்கள். ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளையோ மறுபடி பெஞ்சு, மறுபடி ஒரே பாடம். முறை பிறகு எளிமையாக்கப்பட்டது. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. ஏணிப்படங்கள் சுவரிலிருந்து மெல்ல மெல்ல இறங்கின.

அரும்பு, மொட்டு, மலர்

அதன்பின் கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் ஒருநாள்கூட உட்காராத பிள்ளை மூன்றாம் வகுப்பை நெருங்கிவிட்டது. வயது ஒன்று, வகுப்பு ஒன்று, தெரிந்தது மட்டும் ஆளுக்கொரு அளவு என்பது எப்போதும் இருந்த உண்மைதான். அந்த ஆண்டு அதை யாராலும் மூடிமறைக்க முடியவில்லை. முதலில் மாலைநேரத் தன்னார்வலர்களோடு ‘இல்லம் தேடிக் கல்வி’. பிறகு 2022 ஜூன் 13 அன்று, திருவள்ளூர் மாவட்டத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. முதலில் மூன்றாம் வகுப்பு வரை. அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை.

நான் உட்கார்ந்திருந்த வகுப்பில் இதைத்தான் பார்த்தேன். பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலை. பாடல், கதை, செயல்பாடு எனப் பிரித்த வகுப்பு மூலைகளுக்குக் களம் என்று பெயர். பாட்டும் கதையும் எல்லாருக்கும் பொது. அதன்பின் டீச்சர் பிரிகிறார். எழுத்தை இன்னும் கூட்டி வாசிக்கத் தடுமாறும் ஏழு பேரோடு அவர் தரையில் உட்கார, மற்றவர்கள் அவரவர் பயிற்சி நூலில் இறங்கினார்கள். கதை ஒன்றுதான், ஒருவனுக்கு அதில் வரும் ‘ர’ எழுத்துச் சொற்களை வட்டமிடும் வேலை, ஒருத்திக்குக் கதையின் முடிவை மாற்றி எழுதும் வேலை. ஜன்னலோரக் கயிற்றில் வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னக் கதைநூல்கள் தொங்கின. அவற்றுக்கும் நிலைகள் உண்டு: நுழை, நட, ஓடு, பற. மக்கு, மண்டு என்று வகைபிரித்த எங்கள் காலத்துச் சொல்லகராதி நினைவுக்கு வந்தது.

பெயர் அழகாக இருப்பதால் எல்லாம் அழகாகிவிடாது. ஒரு பொடியனிடம் பக்கத்திலிருப்பவளைப் பற்றிக் கேட்டேன். "அவ அரும்பு சார்" என்றான், எங்கள் காலத்தில் ‘அவன் பி செக்‌ஷன்’ என்ற அதே குரலில். டீச்சருக்குக் கேட்டுவிட்டது. "தமிழ்ல அரும்பு. கணக்குல அவ மலர்டா. நீ?" பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். நிலை பாடத்துக்குப் பாடம் மாறும், மாதத்துக்கு மாதமும் மாறும் என்பதை ஆசிரியர் மறந்துவிட்டால் மூன்று பூவும் மூன்று சாதியாகிவிடும். அந்த டீச்சர் மறக்காதவர்.

அவர் சலித்துக்கொண்டதும் ஒன்று உண்டு. "சார், புள்ளைங்கள மூணா பிரிக்கிறது கஷ்டமில்ல. பிரிச்சத ஆப்புல ஏத்துறதுதான் கஷ்டம். சிக்னல் கிடைக்க மரத்தடிக்கு ஓடணும். அந்த நேரத்துல ரெண்டு பிள்ளைக்குக் கைபிடிச்சு எழுதிக் குடுத்துருப்பேன்." கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றும் வேலைகளைப் பற்றி ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுதான்.

உள்ளே வந்தவர்கள்

மலர் நிலைப் பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பெண் சக்கர நாற்காலியில் இருந்தாள். வாசலில் சாய்தளம். கழிப்பறையிலும் கைப்பிடி. எங்கள் காலத்தில் படியேற முடியாமல் வீட்டிலேயே தங்கியவளை நினைத்துக்கொண்டேன். அவளுக்குத் தேவைப்பட்டதும் பத்தடிச் சிமெண்டுச் சரிவுதான்.

1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே அங்கீகரித்தது. 2016 சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் வந்தன. இரண்டுக்கும் நடுவே, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பிரம்பைக் கீழே வைக்கச் சொன்னது. பெயில் போட்டு வெளியேற்றுவதையும் நிறுத்தியது. தமிழக அரசுப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா உள்ள மாணவர் இன்று சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெறலாம். மொழிப்பாடம் ஒன்றில் விலக்கும் கேட்கலாம்.

டிஸ்லெக்சியா பணக்கார வீட்டு ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்கு வரும் நோய் என்ற நினைப்பு நம்மிடையே இன்னும் போகவில்லை. தமிழை உற்றுப் பாருங்கள். ‘கெ’ என்று ஒலிக்கும்போது முதலில் க் வருகிறது, பின்னால் எ வருகிறது. எழுதும்போதோ கொம்பு முதலில் வந்து நிற்கிறது. ‘கொ’ என்றால் முன்னும் பின்னும் ஆளுக்கொரு பக்கம். ர, ற, ன, ண, ல, ள, ழ. இவற்றை வரிசைப்படுத்தத் தடுமாறும் மூளை எங்கள் ஓட்டுக்கூடத்திலும் இருந்திருக்கும். ‘கொடி’யைக் ‘கெடி’ என்று எழுதிக் குட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்! அவர்களில் எவருக்கு உண்மையிலேயே அது இருந்தது என்று இனி யார் சொல்ல முடியும்?

கற்பிப்பதிலும் மாற்றம் தெரிகிறது. ஒரு பையனுக்கு டீச்சர் ‘கொ’வை உப்புத்தாள் வெட்டிய எழுத்தில் விரலால் தடவிப் பழக்கினார், கொம்பு சிவப்பு, க கறுப்பு, கால் சிவப்பு. வாரத்துக்கு ஒருநாள் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் சொல்லிக்கொடுத்த உத்தி அது. அந்தச் சிறப்பாசிரியர் ஒருவருக்கே பல பள்ளிகள்; சம்பளம் தொகுப்பூதியம். ஒரு பள்ளியில் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் தேவைகள் எழுவதுபோலத்தான் ஏற்பாடு இருக்கிறது.

மொழி இன்னொரு வாசல். செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்தும், பின்னலாடைக்கும் கட்டட வேலைக்கும் பீகார், வங்கத்திலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் திருவள்ளூர், திருப்பூர், சென்னைப் பள்ளிகளில் தமிழ்வழியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மலைப்பள்ளிகளில் வீட்டில் இருளமோ காணிக்காரர் மொழியோ பேசும் பிள்ளைகள். ஊமைபோல உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று முடிவுகட்டிவிடுவது சுலபம். நான் பார்த்த வகுப்பில் ஒரு போஜ்புரிப் பையன் இருந்தான். டீச்சர் பாட்டில் ‘யானை’ வந்த இடத்தில் நிறுத்தி, "உங்க ஊர்ல என்னடா?" என்றார். "ஹாத்தி" என்றான். வகுப்பே ஹாத்தி, ஹாத்தி என்று பாடியது. அன்று காலை அவன் வாய் திறந்தது அந்த ஒருமுறைதான். அடுத்த பாட்டில் இன்னொருமுறை திறக்கும்.

இன்னும் நகராத பெஞ்சு

இந்த மாற்றம் எல்லாம் ஐந்தாம் வகுப்பு வாசலோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மேல்வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷப் பீரியடு, முடிக்க வேண்டிய போர்ஷன், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. 2025-26இல் 6 முதல் 9 வரை அடிப்படைத் திறனில் பின்தங்கியோருக்கென ‘திறன்’ என்ற திட்டம் வந்திருக்கிறது, நல்லது. ஆனால் பொதுத்தேர்வு வினாத்தாளுக்கு அரும்பும் தெரியாது, மொட்டும் தெரியாது. பெஸ்ட் கோச்சிங் என்று பலகை வைத்த தனியார் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குத் தனிப் பிரிவும் படிக்காத பிள்ளைக்கு டி.சி.யுமாகப் பிரிக்கும் வித்தை இன்றும் நடக்கிறது. அதுவும் ஒருவகைப் பிரித்தல்தான்.

2025 ஜூலையில் ‘ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்’ என்ற மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சே இல்லாமல் ‘ப’ வடிவில் பிள்ளைகளை உட்காரவைக்கலாம் என்ற பேச்சு கேரளத்தில் கிளம்பியது. தமிழகப் பள்ளிக் கல்வித் துறையும் அப்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கழுத்து வலிக்கும், பார்வை கோணும், அறுபது பேர் இருக்கும் அறையில் ‘ப’ எப்படிப் போடுவது என்று எதிர்ப்பு வர, சில நாளில் நிறுத்திவைத்தது. பெஞ்சை நகர்த்தினால் போதுமா என்பது அல்ல கேள்வி. எதற்காக நகர்த்துகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். என் பக்கத்துப் பையனுக்கு ஒரு வரிசை நகர்ந்திருந்தால் போதும் என்று சொன்னேன். அதற்கு அவனுக்குக் கண் தெரியவில்லை என்பது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்குத் தெரிய, அவர் அவன் பக்கத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். முப்பது பேரும் ஒரே குரலில் "புரிஞ்சுது சார்" என்று சொல்லும் இடத்தில் அந்த ஒரு நிமிஷம் கிடைப்பதே இல்லை. அட்டை, ஏணி, களம், நிலை என்று எந்தப் பெயரில் வந்தாலும், இந்த இருபது ஆண்டு முயற்சி எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தை ஆசிரியருக்குச் சம்பாதித்துக் கொடுக்கத்தான்.

குச்சிக் கட்டு

மதியத்துக்கு முன் கணக்கு. அன்றைக்குக் கழித்தல். ஒரு டப்பா நிறைய விளக்கமாற்றுக் குச்சிகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார்கள், சில உதிரியாக. சிலர் ஆணிமணிச் சட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பையன் எதையும் தொடாமல் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக 52 வரை எண்ணி வைத்து, ஒவ்வொன்றாக 27-ஐ எடுத்தான். வெகுநேரமானது. டீச்சர் அவசரப்படுத்தவில்லை.

ஆம், அதே 52, 27. பாடநூல் மாறினாலும் கணக்கு மாறவில்லைபோலும்.

என் எதிரே இருந்தவள், தமிழில் அரும்பு, கணக்கில் மலர் என்று பெயர் வாங்கியவள். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் எடுத்துவைத்தாள். ஏழு உதிரி கொடுக்க வேண்டும். கையில் இருப்பது இரண்டு. கொஞ்சம் யோசித்தாள். ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். பத்தும் சிதறின. இப்போது உதிரி பன்னிரண்டு. ஏழைத் தள்ளினாள், இரண்டு கட்டைத் தள்ளினாள். இரண்டு கட்டு, ஐந்து குச்சி.

"கடன் வாங்கிட்டியா?" என்று கேட்டேன்.

என்னை விநோதமாகப் பார்த்தாள். "யாருகிட்ட? என்னோட கட்டுதானே தாத்தா. அவுத்துக்கிட்டேன்."

கடன் என்று ஒன்று நடக்கவே இல்லை. ஒன்று எப்படிப் பத்தாக வந்தது என்பதும் ரப்பர் பேண்டோடு அவள் மணிக்கட்டில் கிடந்தது. சொல்லிப் புரியவைக்க முடியாத ஆசிரியர் இல்லை எங்கள் சார். அவர் கையில் குச்சியும் இருந்தது. ஒன்றே ஒன்று.

அவளுக்கு எட்டு வயது இருக்கலாம். என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, டப்பாவிலிருந்து ஆறு கட்டும் ஒரு குச்சியும் எடுத்து என் முன்னால் வைத்தாள். "61-ல 38 போட்டுப் பாருங்க. தெரியலன்னா கேளுங்க."

பாயில் காலை மடக்கி உட்கார்ந்து, முதல் கட்டை அவிழ்த்தேன்.